அடைத்த இரட்டைச் சுவரும் நம்ம ஊர் ஓதமும்

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு. துளை விட்ட 6 அங்குலச் சீமெந்துக் கல், வெளிப்பூச்சு இல்லை. அடிச்சுவரில் மூன்றடி உயரத்துக்குப் பெயின்ற் பொருக்கு விட்டு, வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. மார்கழி மழையில் கிழக்குப் பக்க அறையின் சுவர் நடுவிலேயே நனைகிறது. இப்போது அதே வளவில் புது வீடு ஒன்று எழுப்பப் போகிறார்கள். வேல்ஸ் நாட்டின் கடலோர ஊரொன்றில் இருக்கும் அண்ணன் காசு அனுப்புகிறார், கூடவே யோசனையும் அனுப்புகிறார்: "இரட்டைச் சுவர் வை, ஆனால் நடுவில் ஒன்றையும் அடைக்காதே. என் வீட்டில் அடைத்த பிறகுதான் ஓதம் வந்தது." மேசனோ, இரட்டைச் சுவர் வைத்து நடுவில் ரெஜிபோம் (வெள்ளை நுரைத் தகடு) வைத்தால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்கிறார். கடைக்காரர் இரண்டும் வேண்டாம், வாட்டர் புரூப் பெயின்ற் அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

நேராகச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டுக்கு இரட்டைச் சுவர் வேண்டாம், ரெஜிபோமும் வேண்டாம். வாட்டர் புரூப் பெயின்றை இப்போதைக்கு வாங்கவே வேண்டாம். ஏன் என்பதுதான் நீளமான கதை.

அண்ணனிடமிருந்து தொடங்குவோம். அவர் சொல்வது உண்மை, ஆனால் அந்த ஊர் உண்மை. பிரித்தானியாவில் 1920களுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே இன்னொரு சுவர், நடுவில் ஏறத்தாழ 2 அங்குல வெற்றிடம். இரண்டையும் பிணைக்க இடையிடையே உலோகக் கம்பிகள் போகும். அந்த வெற்றிடத்தை மழைக்காகத்தான் விட்டார்கள். வெளிச்சுவர் நனையும் என்று தெரிந்தே கட்டினார்கள். உறிஞ்சிய தண்ணீர் வெளிச்சுவரின் பின்முகத்தில் வழிந்து கீழே இறங்கி, அடியில் விட்ட சிறு துளைகளால் வெளியேறிவிடும். உள்சுவரைத் தொடாது.

அப்புறம் வீட்டைச் சூடாக்கும் செலவு பெரிய தலையிடியாக வந்தது. அந்த வெற்றிடத்தை அடைத்தால் சூடு வெளியே போகாது என்று, அரசின் திட்டங்களின் கீழ் காசில்லாமலோ குறைந்த காசுக்கோ ஏராளமான வீடுகளில் அடைத்துக் கொடுத்தார்கள். வெளிச்சுவரின் சாந்துப் பொருத்துகளில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த துளைகள் போட்டு, குழாய் வைத்து, கனிமப் பஞ்சையோ ரெஜிபோம் மணிகளையோ நுரையையோ உள்ளே ஊதுவார்கள். சரியான சுவரில், வேலை தெரிந்தவர் செய்தால் இது நல்ல வேலைதான். பல லட்சம் வீடுகள் ஒரு கரைச்சலும் இல்லாமல் இருக்கின்றன.

கெட்டுப்போவது எங்கே என்றால், அண்ணன் இருக்கிற மாதிரி இடங்களில்தான். காற்றோடு அடிக்கும் மழையைக் கணக்கில் எடுத்து அந்த நாட்டை நான்கு வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேற்குக் கரையோரம் கடுமையான வலயம். அங்கே பொருத்துச் சாந்து தேய்ந்த பழைய சுவரை அப்படியே விட்டு உள்ளே பஞ்சை ஊதினால், வெளிச்சுவர் குடிக்கும் தண்ணீர் பஞ்சின் வழியாக உள்சுவருக்குத் தாண்டும். கட்டும் காலத்தில் மேசன் சிந்திய சாந்துக் கட்டிகள் பிணைப்புக் கம்பிகளின் மேல் இருந்தாலும் அதே கதை, அதுவே தண்ணீருக்குப் பாலம். அடியில் இடிபாடு குவிந்து ஈரத்தடைக்கு மேலே வந்துவிட்டால் நிலத்து ஈரமும் கூடச் சேரும். நனைந்த பஞ்சு சூட்டையும் தடுக்காது. ஆகவே வீடு முன்பைவிடக் குளிரும்.

இன்னொரு விஷயம் இதோடு குழம்பிக் கிடக்கிறது. ஊதும்போது பஞ்சு எல்லா மூலைக்கும் போய்ச் சேராவிட்டால், யன்னலுக்குக் கீழேயும் மூலைகளிலும் வெறுமையான திட்டுகள் இருக்கும். சுவரின் மற்ற இடமெல்லாம் இளஞ்சூடு, அந்தத் திட்டு மட்டும் குளிர். அறைக்குள் இருக்கும் நீராவி அங்கே போய்த் தண்ணீராகப் படியும், பின்னாலேயே கறுப்புப் பூஞ்சணம் வரும். நம்ம ஆட்கள் வீட்டில் இது இன்னும் கூடும். மூன்று அடுப்பில் சோறும் கறியும் கொதிக்கும், யன்னல் பூட்டியிருக்கும், துவைத்த உடுப்பெல்லாம் ரேடியேட்டரின் மேல் காயும். இந்த ஓதம் வெளிமழையால் வந்ததில்லை. எனவே அண்ணன் வீட்டில் இருப்பது மழையா, நீராவியா, இரண்டுமா என்பதை அவரே முதலில் பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கதையில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சுவருக்குள் வருகிற தண்ணீருக்கு வெளியே போக ஒரு வழி இருந்தது. அந்த வழியை அடைத்ததும் அது வீட்டுக்குள் வழி தேடியது. உங்கள் பழைய வீட்டிலும் நடப்பது இதுதான், ஆனால் தண்ணீர் வேறு, வழி வேறு.

இனி கல்லடிக்கு வருவோம். ஒரே வீட்டில் உங்களுக்கு இரண்டு வகை ஓதம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடிச்சுவரில் இருப்பது நிலத்திலிருந்து ஏறுவது. கிழக்குச் சுவரில் இருப்பது மழை. இரண்டுக்கும் ஒரே பெயின்ற் என்று கடைக்காரர் சொல்வது வியாபாரம்.

எழுவான்கரை ஓரம் முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. மாரியில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிற வளவுகள் எத்தனையோ. அப்படி நனைந்த நிலத்தில் நிற்கும் சீமெந்துக் கல்லும் சாந்தும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல ஈரத்தை மேலே இழுக்கும். வழக்கமாக மூன்றடி, மூன்றரை அடியில் நின்றுவிடும், ஏனென்றால் அந்த உயரத்துக்குள் காற்று அதை உலர்த்திவிடுகிறது. உங்கள் வீட்டு அடையாளமும் மூன்றடிதான்.

இதைத் தடுக்கத்தான் அத்திவாரத்துக்கு மேலே டிபிசி என்கிற ஈரத்தடைப் படையைப் போடுகிறோம். ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று கலவையில் முக்கால் அங்குலத் தடிப்புக்குச் சீமெந்துச் சாந்து, காய்ந்ததும் சூடாக்கிய தார் இரண்டு பூச்சு, மேலே கொஞ்சம் மணல் தூவல். முற்றத்து மட்டத்திலிருந்து குறைந்தது 6 அங்குலம் மேலே இருக்க வேண்டும். வீட்டுத்திட்ட வீடுகளில் அநேகமாக இதைப் போட்டிருப்பார்கள். நான் பார்த்த அளவில் டிபிசி இல்லாத வீட்டைவிட, இருக்கிற டிபிசியைப் புதைத்துவிட்ட வீடுதான் அதிகம். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு ஒரு லோட் கிறவல், 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு லோட். வளவை உயர்த்தி உயர்த்தி டிபிசி மண்ணுக்குள் போய்விடும். பக்கத்து வீதியையும் கொங்கிறீட் போட்டு உயர்த்தியிருப்பார்கள், ஆகவே மழைத்தண்ணீர் வீதியிலிருந்து வளவுக்குள் வரும். மறுகா, சுவரோரமாக ஒரு சீமெந்துத் திண்ணையையும் பூஞ்சட்டிகளையும் வைத்தால் முடிந்தது. டிபிசிக்கு மேலேயே ஈரம் சுவருக்குள் நுழையும். பூச்சுக்காரர் அழகுக்காக உள்பூச்சை நிலம் வரைக்கும் இழுத்துவிட்டாலும் அதே பாலம்தான்: டிபிசி கல்லில் இருக்கும், ஈரம் பூச்சின் வழியாக ஏறும்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையோர வீடுகளில் ஓதத்தைக் குழப்புவது அதுதான். நிலத்து ஈரம் ஏறும்போது உப்பையும் கொண்டுவருகிறது. கடற்கரை மணலிலும் சவர்த்தண்ணீரிலும் சாந்து குழைத்திருந்தால் உப்பு முதல் நாளிலிருந்தே சுவருக்குள் இருக்கிறது. அலை ஏறிய பழைய சுவரை இடிக்காமல் திருத்திக் கட்டிய வீடுகளிலும் அப்படியே. சாதாரணக் கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம்மூரில் மாரி காலத்தில் காற்று அதற்கு மேலேதான் நிற்கும். அதனால் மழை இல்லாத ஒரு மப்பு நாளில்கூடச் சுவர் வியர்த்து நிற்கும். குழாய் உடைந்துவிட்டதோ என்று நிலத்தைக் கிண்டிப் பார்த்தவர்கள் உண்டு, ஒன்றும் இருக்காது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் சுவர் காய்கிறது என்று சந்தோஷப்படுவோம். பெயின்ற் அதிகமாக உரிவது அந்த நாட்களில்தான். தண்ணீர் போனதும் உப்பு பளிங்காகி, பெயின்றையும் பூச்சையும் பின்னாலிருந்து தள்ளும்.

கையில் பிடித்து ஈரம் அளக்கும் சின்ன மெசின் ஒன்று இப்போது ஒன்லைனில் விற்கிறது. உப்பேறிய சுவரில் அதை நம்ப வேண்டாம். அது அளப்பது மின்சாரம் எவ்வளவு கடத்துகிறது என்பதை. உப்பும் கடத்தும், ஆகவே காய்ந்த சுவரையும் நனைந்தது என்று காட்டும்.

கிழக்குச் சுவருக்கு வருவோம். வாடைக்காற்றோடு வரும் மழை நேராகக் கீழே விழாது, சாய்ந்து வந்து கிழக்கு, வடக்குச் சுவர்களில் மோதும். நம்ம மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையில் வருவதால், அந்த இரண்டு சுவர்களும் நாட்கணக்கில் காயாமல் நனையும். அதில் வெளிப்பூச்சு இல்லாத துளைக் கல் என்றால் கேட்கவே வேண்டாம். மேசன் கல்லின் கிடைப் பக்கத்துக்கு நிறையச் சாந்து வைப்பார். இரண்டு கல்லுக்கு நடுவே நிற்கும் நிலைக்குத்துப் பொருத்துக்கு, சாந்தகப்பையால் மேலோட்டமாகத் தட்டிவிட்டுப் போவார். அந்த மயிரிழை ஓட்டைகளால் தண்ணீர் கல்லின் துளைக்குள் இறங்கும். வெளியே போக அங்கே துளை ஏதும் விடவில்லை. ஆகவே உள்ளே தேங்கி, மழை விட்டு இரண்டு நாளுக்குப் பிறகுதான் அறைப் பக்கம் நனைவு தெரியும். வேல்ஸ் வீட்டில் பஞ்சு செய்த வேலையை இங்கே அடைபட்ட துளைக் கல் செய்கிறது.

மூன்றாவதாக ஒன்றும் இப்போது ஊருக்குள் வந்திருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் புது வீட்டுக்கு அது முக்கியம். ஏசி. 30 பாகை வெப்பத்தில் 80 வீத ஈரப்பதன் உள்ள காற்று, 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பொருளில் பட்டாலும் தண்ணீராகிவிடும். அறையை 18இல் வைத்துவிட்டுத் தூங்கினால், அந்த அறையின் சுவர் குளிர்ந்து, அதன் மறுபக்கத்தில், அதாவது ஏசி இல்லாத விறாந்தைப் பக்கத்தில், நனைவும் பூஞ்சணமும் வரும். வேல்ஸில் நீராவி உள்ளிருந்து வெளியே போகிறது, இங்கே வெளியிலிருந்து உள்ளே வருகிறது. அங்கே சுவரின் உள்பக்கம் வைக்கிற நீராவித் தடையை இங்கே அப்படியே கொண்டுவந்து உள்பக்கம் வைத்தால் அது தண்ணீரைச் சுவருக்குள்ளேயே பிடித்து வைக்கும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து வேலை செய்யும் பொடியன்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏசியை 25, 26இல் வைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. மீதிப் பாதி, சரிவில்லாமல் சுவருக்குள் போன, ஏசியின் தண்ணீர் வடியும் குழாய்.

நான் ஊகித்ததை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நனைந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப் பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் நின்றால் காற்றிலிருந்து. அப்புறம் அந்த வெள்ளைப் பூப்பை ஒரு விரலால் எடுத்து ஒரு துளி தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உப்பு, கரையாமல் பசபசவென்று கிடந்தால் பூஞ்சணம். கிழக்குச் சுவருக்கு ஹோஸ் பைப்பே போதும், ஆனால் அதை மழை இல்லாத காலத்தில், சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். அடியிலிருந்து தொடங்கி, ஓரடி ஓரடியாக மேலே ஏறி, ஒவ்வொரு இடத்திலும் அரை மணித்தியாலம் தண்ணீர் அடித்து, ஒருவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த உயரத்தில் நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. குளியலறைக்குப் பக்கத்துச் சுவர் என்றால் இரவில் எல்லாத் தண்ணீர்ப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள், காலையில் திரும்பப் பாருங்கள். ஓடியிருந்தால் பிரச்சினை சுவரில் இல்லை.

சரி, பழைய வீட்டுக்கு என்ன செய்வது?

முதல் வேலைக்கு மேசன் தேவையில்லை, மண்வெட்டி போதும். வீட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, டிபிசிக்கு 6 அங்குலம் கீழே முற்றம் வருமாறு இறக்குங்கள். வெட்டிய இடத்தில் வெளிப்பக்கம் சரிவாக ஒரு கொங்கிறீட் ஏப்ரன் போடலாம், ஆனால் அது சுவரோடு ஒட்டி டிபிசிக்கு மேலே ஏறக் கூடாது. வளவு முழுவதும் தாழ்வாக இருந்து வெள்ளம் தேங்கும் என்றால், சுற்றி ஒரு கான் வெட்டித் தண்ணீரை வெளியே விட வேண்டும். அயல் வீட்டாரோடு பேசித்தான் அது முடியும், அந்தப் பேச்சு மேசன் வேலையைவிடக் கஷ்டம் என்று தெரியும்.

உப்பேறிய உள்பூச்சைத் திருத்த முடியாது, கொத்தித்தான் எடுக்க வேண்டும். ஈர அடையாளம் மூன்றடி என்றால் நான்கடிக்குக் கொத்துங்கள். கொத்திய பூச்சை வளவிலேயே சுவரோரம் கொட்டாதீர்கள், உப்பு திரும்பப் போய்விடும். கல்லில் உள்ள உப்பைக் காய்ந்த தூரிகையால் துடைத்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து உள்ளே போகும். பிறகு காய விடுங்கள். சுவரின் ஒவ்வோர் அங்குலத் தடிப்புக்கும் ஒரு மாதம் என்பது பிரித்தானியக் கட்டடக்காரர்களின் கணக்கு. நம்ம கச்சான் காற்றுக்கு அவ்வளவு நாள் எடுக்காது, ஆனாலும் வைகாசியில் கொத்தி ஆவணியில் பூசுவது நல்லது. புரட்டாதியில் கொத்திவிட்டு ஐப்பசி மழைக்கு முன் அவசரமாகப் பூசினால் காசு மண்ணுக்குள்தான்.

திரும்பப் பூசும்போது நிறையப் பேர் செய்யும் பிழை, "இந்த முறை ஒரு சொட்டும் வரக் கூடாது" என்று வாட்டர் புரூப் தூள் கலந்த கெட்டிச் சீமெந்தால் பூசுவது. சிலர் அடிச்சுவருக்கு மாபிள் ஒட்டுவார்கள். உள்பக்கம் மூச்சு விட முடியாமல் போனதும் ஈரம் மாபிளுக்கு மேலே, நாலரை அடிக்கு ஏறித் தலை காட்டும். காத்தான்குடிப் பக்கம் ஒரு வீட்டில் மாபிள் வருடா வருடம் ஒரு வரிசை உயர்ந்துகொண்டே போய், கடைசியில் யன்னல் மட்டத்துக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஈரம் உலரக்கூடிய பூச்சுத்தான் தேவை. ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய ஆற்று மணல். அதையும் நிலத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே நிறுத்தி, அந்த இடைவெளியைச் சுவரடிப் பலகையால் மறையுங்கள். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் பிடித்த கோட்டையைப் போய்ப் பாருங்கள். வாவித் தண்ணீர் ஓரத்திலேயே நிற்கிறது. தார் டிபிசி என்று ஒன்று இல்லாத காலம் அது. தடித்த சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் நனைந்து நனைந்து காய்ந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வீடுகளுக்கு இப்போது சீமெந்துப் பூச்சுப் போட்டுக் கெடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறெரியும். (முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பைத் தேடி அலைய வேண்டாம், கடலில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை. கடைச் சுண்ணாம்பு போதும்.)

மண்ணை வெட்டிய பிறகும் டிபிசியே இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? சுவரில் வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்றும் முறை ஒன்றைச் சொல்வார்கள். கெட்டிச் சுவருக்கு அது சரி. உங்களுடையது துளைக் கல், மருந்து துளைக்குள் ஓடிவிடும். கிடைச் சாந்துப் படைக்குள் மட்டும் ஏற்ற வேண்டும், அதற்குக் கை பழகியவர் வேண்டும். இன்னொரு வழி, இரண்டடி இரண்டடியாகச் சுவரின் அடியை அறுத்து, தடித்த பொலித்தீனோ டிபிசி சீற்றோ செருகிச் சாந்து இறுக்குவது. மெதுவான வேலை, ஆனால் நிச்சயமானது. ஒரு துண்டு இறுகுமுன் பக்கத்துத் துண்டை அறுத்தால் சுவர் வெடிக்கும்.

கிழக்குச் சுவருக்கு வெளியே வேலை செய்யுங்கள், உள்ளே எதையும் தொட வேண்டாம். வெடிப்புகளையும் நிலைக்குத்துப் பொருத்துகளையும் சுரண்டிச் சாந்து இறுக்கி, இரண்டு கையாக வெளிப்பூச்சு. இரண்டாவது பூச்சு முதலாவதைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது, இருந்தால் வெடிக்கும். அதற்கு மேலே அடிப்பது வெளிச்சுவருக்கான, நீராவி வெளியேறக்கூடிய பெயின்ற். யன்னலின் கீழ்ப் படி வெளியே இரண்டு அங்குலம் நீண்டு, அதன் அடியில் ஒரு சொட்டுக் காடி, அதாவது தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக் கோடு, இருக்க வேண்டும். அந்தக் காடி இல்லாமல் தண்ணீர் படியின் அடியால் திரும்பிச் சுவருக்கே வருவதை எத்தனையோ வீட்டில் காணலாம். கூரைத் தாழ்வாரத்தை இரண்டரை அடிக்கு நீட்டினால் இன்னும் நல்லது. நீட்டும்போது 1978 நவம்பர்ச் சூறாவளியை நினைத்துக்கொள்ளுங்கள், நீண்ட தாழ்வாரத்தைக் காற்று அடியிலிருந்து தூக்கும். மரங்களைச் சுவர்த் தலைக் கொங்கிறீட்டோடு இரும்புப் பட்டியால் கட்டாமல் நீட்ட வேண்டாம்.

புது வீட்டுக்கு ஏன் இரட்டைச் சுவர் வேண்டாம் என்கிறேன்? கொள்கையளவில் வெற்றிடம் விட்ட இரட்டைச் சுவர் மழையைத் தடுக்கும், அண்ணன் அதில் சரி. ஆனால் அது வேலை செய்ய, பிணைப்புக் கம்பி துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். கடற்காற்றில் சாதாரணக் கம்பி சில வருடத்தில் துருவேறி ஊதிச் சுவரை வெடிக்க வைக்கும். ஒவ்வொரு கதவு, யன்னலுக்கு மேலேயும் உள்ளே தண்ணீரை வெளியே திருப்பும் தகடு வேண்டும், அடியில் வெளியேற்றுத் துளைகள் வேண்டும், சிந்தும் சாந்தை ஒவ்வொரு வரிசையிலும் வழித்து எடுக்க வேண்டும். இதைப் பழக்கமாகச் செய்யும் மேசன் இங்கே எனக்குத் தெரியாது. வெளியேற்றுத் துளையால் எலியும் எறும்பும் கறையானும் குடிபோவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ரெஜிபோம் வைத்தால் எறும்புக்கு இன்னும் கொண்டாட்டம், அதைக் குடைந்து கூடு கட்டும். சுவருக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு வீடு குளிருமா? அதுவும் இல்லை. மாடியில்லாத வீட்டில் பகல் வெக்கையில் பெரும்பகுதி கூரையால் வருகிறது, சுவரால் இல்லை. மேசன் கேட்கும் ரெஜிபோம் காசையும் இரண்டாவது சுவருக்கான கல் காசையும் கூரைக்குப் போடுங்கள். ஓட்டுக்கோ சீற்றுக்கோ அடியில் அலுமினியம் போயில், அதற்குக் கீழே சிறிது காற்று இடைவெளி, பிறகு சீலிங், முகட்டில் வெக்கை வெளியேற வழி. மேற்குச் சுவருக்கு ஒரு விறாந்தை அல்லது ஒரு வேப்பமரம். வெளிச்சுவருக்கு வெளிர் நிறம். ரெஜிபோம் அடைத்த சுவரைவிட இது உங்களுக்கு அதிகம் குளிர்ச்சி தரும், பூஞ்சணமும் தராது.

சுவர் ஒற்றைச் சுவராகவே இருக்கட்டும். முடிந்தால் 8 அங்குலக் கெட்டிக் கல் அல்லது ஒன்பது அங்குலச் செங்கல். அத்திவாரத்தை வீதி மட்டத்திலிருந்து குறைந்தது இரண்டடி உயர்த்துங்கள். அடுத்த தடவை வீதியை உயர்த்துவார்கள் என்று இப்போதே கணக்கில் எடுங்கள். டிபிசியை வெளிச்சுவருக்கு மட்டும் போட்டுவிட்டு உள்சுவர்களை விட்டுவிடுவது நம்மூரில் சர்வசாதாரணம். நீங்கள் நின்று பார்த்துப் போடுங்கள், கதவுகளுக்கு அடியிலும் விடாமல். நிலத்துக்குக் கொங்கிறீட் கொட்டுமுன் தடித்த பொலித்தீன் விரித்து, அதன் ஓரத்தைச் சுவரின் டிபிசி வரைக்கும் உயர்த்தி விடுங்கள். மணல் ஆற்று மணலா என்று வாயில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாலே தெரியும், கரித்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். தண்ணீருக்கும் அதே சோதனை.

கடைசியாக அண்ணனுக்கு. அவர் வீட்டுச் சுவரை அடைத்த நிறுவனம் பதிவு செய்திருந்தால், சிகா என்று சுருக்கமாகச் சொல்லும் இடைவெளிக் காப்பு உத்தரவாத அமைப்பின் 25 வருட உத்தரவாதப் பத்திரம் வீட்டு உறுதியோடு இருக்கும். வீடு கை மாறினாலும் பத்திரம் வீட்டோடு வரும். முறைப்பாடு செய்யுமுன் வெளிச்சுவரின் பொருத்துச் சாந்து, பீலி, கூரை ஓரம் எல்லாவற்றையும் பார்த்துப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் "பராமரிப்புக் குறைவு" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மழை நாளில் காற்றடிக்கும் பக்கத்துச் சுவர் மட்டும் நனைந்தால் அது மழை. குளிர் காலத்தில் மட்டும் மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுத்தால் நீராவி. அதற்குக் குசினியிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி, உடுப்பை வெளியே காயவிடுவது, அடைத்துவைத்த காற்றுத் துவாரங்களைத் திறப்பது. மழைதான் என்றால், விற்பனைக்கு வருகிறவரை விட்டுவிட்டு, எந்தக் கம்பனியையும் சேராத ஓர் அளவையாளரைப் பிடித்து, சுவரில் சிறு துளையிட்டு கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சு நனைந்திருந்தால் அதை உறிஞ்சி வெளியே எடுக்க முடியும், எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்த பிறகு வெற்றிடத்தின் அடியில் கிடக்கும் இடிபாட்டையும் துப்புரவாக்கி, பொருத்துச் சாந்தைப் புதுப்பித்து, ஒரு மாரி போக விட்டுப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் உள்பக்கம் பூசவோ பெயின்ற் அடிக்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள்.